தெகோல் போரை முடித்த விதம்

அன்புள்ள குமரன்,

பேத்தியின் காதுகுத்து நல்லபடியாக நடந்ததில் மகிழ்ச்சி. போரை நிறுத்துவதென்று தலைவர் முடிவெடுத்தால் அன்றே சொல்லிவிட வேண்டியதுதானே என்று கேட்டிருந்தாய். பிரான்சின் ஆட்சியிலிருந்த அல்ஜீரியா விடுதலைக்காகப் போரிட்டபோது, பிரெஞ்சுத் தலைவர் தெகோல் எப்படிச் சொன்னார் என்று பார்.

1958 ஜூன் 4, அல்ஜியர்ஸ் கூட்டத்தில் "உங்களைப் புரிந்துகொண்டேன்" என்றார். எதைப் புரிந்துகொண்டார் என்று சொல்லவில்லை. அவரைப் பதவிக்குக் கொண்டுவந்தவர்களே அல்ஜீரியாவை விடக்கூடாதென்ற, அங்கே குடியேறியிருந்த ஐரோப்பியர்களும் பிரெஞ்சு ராணுவமும்தான். விடுதலைப் பேச்சை அன்று எடுத்திருந்தால் பதவி நிலைத்திருக்காது.

1959 செப்டம்பர் 16 உரையில் மூன்று வழிகளை வைத்தார்: பிரிந்துபோவது, பிரான்சோடு முழுமையாகக் கலப்பது, தன்னாட்சியோடு சேர்ந்திருப்பது. பிரிவினையைக் கண்டித்துத்தான் பேசினார். ஆனாலும் அதிபர் வாயாலேயே அது ஒரு வழியாகிவிட்டது. பிறகு அதைத் திரும்பப் பெற முடியாது. அடுத்த ஆண்டே "அல்ஜீரியக் குடியரசு" என்றார். 1961 ஜனவரி 8 வாக்கெடுப்பில் முக்கால் பங்குப் பேர் சுயநிர்ணயத்தை ஏற்றதும், முடிவு மக்களுடையதாயிற்று. ஏப்ரலில் செலவுக் கணக்கை எடுத்தார்: அல்ஜீரியாவால் வரவைவிடச் செலவே அதிகம். தோற்றோம் என்று எங்கும் வரவில்லை.

அதே மாதம், அல்ஜீரியாவை விடக்கூடாதென்று நான்கு பிரெஞ்சுத் தளபதிகள் அங்கே கலகம் செய்தார்கள். 23-ஆம் தேதி இரவு தெகோல் ராணுவச் சீருடையில் தொலைக்காட்சியில் தோன்றி, அவர்களுக்குக் கீழ்ப்படியாதீர்கள் என்று உத்தரவிட்டார். பாசறைகளில் கட்டாயச் சேவையிலிருந்த இளைஞர்கள் டிரான்சிஸ்டரில் அதைக் கேட்டார்கள். அதிகாரிகளைத் தாண்டி நேரே சிப்பாயின் காதுக்குப் போன பேச்சு அது. சில நாட்களில் கலகம் சரிந்தது.

1962 மார்ச் 18 அல்ஜீரிய விடுதலைப் போராளிகளோடு எவியான் ஒப்பந்தம். மறுநாள் நண்பகலில் போர்நிறுத்தம். ஒப்பந்தத்தின் மீதான ஏப்ரல் வாக்கெடுப்பில் 90 விழுக்காட்டுக்கு மேல் ஆதரவு. அதில் அல்ஜீரியாவில் இருந்தவர்களுக்கு வாக்கில்லை. என்னால் ஏற்கமுடியாதது இதுதான். பிரான்சிலிருந்தவர்களைத் தயார்செய்ய மூன்று ஆண்டுகள் படிப்படியாகப் பேசியவர், எப்போது கிளம்புவது, எங்கே போவது, யார் காப்பது என்பதைக் குடியேறிகளுக்கும் பிரான்சுக்காகப் போரிட்ட அல்ஜீரிய ஹர்க்கிகளுக்கும் தெளிவாகச் சொல்லவில்லை. லட்சக்கணக்கான குடியேறிகள் சில மாதங்களில் கப்பலேறினார்கள். ஆயுதம் களையப்பட்ட ஹர்க்கிகளில் பெரும்பாலோர் அங்கேயே விடப்பட்டு, ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள்.

உங்கள் ஊருக்கும் இதில் தொடர்புண்டு. புதுச்சேரியை பிரான்ஸ் இந்தியாவிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தம் 1956-இல் கையெழுத்தானாலும், அல்ஜீரியப் போர் முடிந்தபிறகு, 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான் சட்டப்படி நடைமுறைக்கு வந்தது. அங்கே வயதான சொல்தாக்கள் (பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்கள்) யாராவது அல்ஜீரியாவில் இருந்தவர்கள் என்றால், அந்த ஏப்ரல் இரவு பாசறையில் ரேடியோ கேட்டார்களா, மறுநாள் அதிகாரிகள் என்ன சொன்னார்கள் என்று விசாரித்து எழுது.

அன்புடன்,
சேகர்