வில்லங்கச் சான்று இல்லாத நீலப்பெட்டி

மதுரையிலும் இராமநாதபுரத்திலும் இசைக்கருவிகளைப் பழுதுபார்க்கும் தொழில் வல்லுநர்களுக்கும், பழைய கருவிகளை வாங்கி விற்கும் கடைக்காரர்களுக்கும் வணக்கம்.

சென்ற மாதம் சென்னையிலிருந்து ஓர் இளைஞர் இராமேஸ்வரம் தீவிலுள்ள தங்கச்சிமடத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து, காலஞ்சென்ற என் அண்ணனின் ரோலண்ட் ஜி.ஆர்-300 கிதார் சிந்தசைசரை, அதாவது கிதாரின் ஒலியை வேறு குரல்களாக மாற்றும் நீலப்பெட்டியை, விலைக்குக் கேட்டார். பேச்சு சுமுகமாகவே முடிந்தது. தொகையும் ஒத்துக்கொண்டோம். காப்பி குடித்த பிறகு அவர் பெட்டியைத் திருப்பி வைத்துக்கொண்டு மூன்றே மூன்று கேள்விகள் கேட்டார். இது எத்தனை வோல்ட்டில் ஓடுகிறது? பின்பக்கம் புதிதாகத் துளையிட்டு வைத்திருக்கும், கிதாரின் கேபிளைச் செருகும் 13 முனைச் சாக்கெட்டுக்குள் மின்சாரம் எங்கிருந்து வருகிறது? பக்கவாட்டில் இருக்கும் இந்தச் சின்னச் சுவிட்ச் என்ன செய்கிறது? மூன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. "தெரியாமல் வாங்க மாட்டேன் சார், தப்பாக நினைக்காதீர்கள்" என்று சொல்லிவிட்டு அவர் மாலை ரயிலுக்குக் கிளம்பிவிட்டார். அவர்மேல் எனக்குச் சிறிதும் வருத்தமில்லை. அவர் கேட்டவை நியாயமான கேள்விகள். அவற்றுக்குப் பதில் தெரிந்தவர்கள் உங்களில்தான் எங்கோ இருக்கிறீர்கள் என்பதால் இம்மடலை உங்களுக்கு எழுதுகிறேன்.

ஜி.ஆர்-300 எப்படிப்பட்ட கருவி என்பதை உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. 1980இல் வந்த அந்தப் பெட்டியில் ஆறு கம்பிகளுக்கும் தனித்தனியே ஒலியெழுப்பும் சுற்று இருப்பதும், அமெரிக்க ஜாஸ் கிதார் கலைஞர் பாட் மெத்தீனி அதைக் கொண்டு கிதாரில் ஊதுகொம்பின் குரலை வரவழைத்ததும் நீங்கள் அறிந்தவையே. கப்பலில் வேலை பார்த்த எங்கள் தாய்மாமன் 1983இல் ஜப்பானிலிருந்து அதையும் அதற்குரிய கிதாரையும் கொண்டுவந்தார். அண்ணன் மெல்லிசைக் குழுவில் இருந்த காலத்தில், ஓரியூர் தொடங்கி ஏர்வாடி வரை இந்தக் கரையில் அந்தப் பெட்டி ஏறாத மேடை இல்லை. பூசைக்குப் பிந்தைய கச்சேரியில் அவர் நாகஸ்வரத்தின் குழைவைக் கிதாரில் கொண்டுவரும்போது, வாசிப்பவர் எங்கே இருக்கிறார் என்று மேடைக்குப் பின்னால் வந்து தேடியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மேடையில் ஏறிய கருவி எதுவும் வாங்கிய நிலையிலேயே இருப்பதில்லை, இருக்கவும் முடியாது. உப்புக் காற்று இங்கே யாரையும் விடுவதில்லை. 1914இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்திலேயே 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்த வேண்டியதாயிற்று என்னும்போது, ஒரு கிதாரின் செம்பு முனைகள் எம்மாத்திரம்? மாமன் கொண்டுவந்த கிதாரின் 24 முனைச் சாக்கெட் பச்சை பூத்து, கழுத்தும் வளைந்துபோன பிறகு, 1997 வாக்கில் அண்ணன் வேறொரு சாதாரணக் கிதாரில், கம்பிகளின் அதிர்வை மின்குறிப்பாக மாற்றும் 13 முனைப் பிக்கப்பைப் பொருத்தி, பெட்டியையும் அதற்கேற்ப மாற்றித் தரச்சொல்லி மதுரையில் ஒருவரிடம் கொடுத்தார். அந்த வேலையைச் செய்தவர் கெட்டிக்காரர் என்பதில் எனக்கு ஐயமில்லை. அண்ணன் அதற்குப் பிறகு பல ஆண்டுகள் அதை வாசித்தார். மாற்றம் செய்ததைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை. செய்ததை ஒரு வரிகூட எழுதித் தராததைப் பற்றித்தான் குறை.

இளைஞர் போன மறுநாள் நான் அந்த மதுரைக் கடைக்குப் போனேன். கடை இருந்தது, முதலாளியும் இருந்தார், மரியாதையாக நாற்காலியும் போட்டார். "இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல ஆன ஈயம் சார், அதுக்கெல்லாம் யாரு கணக்கு வச்சிருக்கா?" என்றார். பதிலில் இருந்த நேர்மை என்னை வாயடைக்கச் செய்துவிட்டது.

நான் பள்ளியில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். ஓம் விதி தெரியும், ஈயம் வைக்கத் தெரியாது. எனவே அண்ணனின் மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு, பேரனைக் கைவிளக்குப் பிடிக்கச் சொல்லி, மூன்று இரவுகள் அந்தப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதலில் தெரிந்தது டிரான்ஸ்ஃபார்மர். பெட்டியின் முதுகில் "100 வோல்ட்" என்ற ஜப்பானிய எழுத்து அப்படியே இருக்க, உள்ளே இருந்ததோ நம் ஊரில் சுற்றிய 230 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர். வந்த இளைஞர் படத்தில் முதுகைப் பார்த்துவிட்டு, 230ஐ 100ஆகக் குறைக்கும் கனமான டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றைச் சென்னையிலிருந்து தோளில் சுமந்து வந்திருந்தார். அதைப் பொருத்தியிருந்தால் பெட்டி சரியாக உயிர்பெற்றிருக்காது, அவ்வளவுதான். உள்ளே இருந்தது 100, முதுகில் எழுதியிருந்தது 230 என்று இருந்திருந்தால் புகையைத்தான் பார்த்திருப்போம். ஒரு பேனாவை எடுத்துப் பழைய எண்ணை அடித்துப் புதிய எண்ணை எழுத எத்தனை நொடி ஆகும்?

இரண்டாம் இரவில் கண்டதை நினைத்தால் இன்றும் எனக்கு உள்ளங்கை வியர்க்கிறது. பழைய 24 முனைக் கேபிள் வழியாகக் கிதாருக்குள் இருக்கும் சுற்றுக்கு நேர் 15, எதிர் 15 வோல்ட் செல்லும் என்பதும், பின்னாளில் வந்த 13 முனை ஏற்பாட்டில் 12ஆம் முனையில் நேர் 7, 13ஆம் முனையில் எதிர் 7 வோல்ட் மட்டுமே வர வேண்டும் என்பதும் உங்களுக்குத் தெரியும். நான் அந்த இரண்டு முனைகளில் மீட்டரை வைத்தேன். 15 காட்டியது. மீட்டர்தான் பழுதோ என்று டார்ச் பேட்டரியில் வைத்துப் பார்த்தேன், ஒன்றரை காட்டியது. மறுபடி வைத்தேன், மறுபடி 15. அப்படியானால் அண்ணனின் கிதார் இத்தனை ஆண்டுகள் எப்படிப் பிழைத்தது என்று அதன் பிக்கப் மூடியைக் கழற்றிப் பார்த்தபோதுதான் விளங்கியது. வோல்ட்டைக் குறைக்கும் வேலையைப் பெட்டிக்குள் செய்யாமல், கிதாருக்குள் இரண்டு ஜீனர் டயோடுகளை வைத்து அங்கே செய்திருக்கிறார்கள். அந்தப் பெட்டியும் அந்தக் கிதாரும் சேர்ந்திருக்கும்வரை எந்தக் கெடுதலும் இல்லை. ஆனால் நான் விற்க இருந்தது பெட்டியை மட்டும். அந்த இளைஞர் தம் வீட்டிலிருக்கும் புதிய கிதாரை, முனை பொருந்துகிறதே என்று நம்பி அதில் செருகியிருந்தால், இருமடங்குக்கு மேற்பட்ட மின்னழுத்தம் அதற்குள் போயிருக்கும். அதற்கு அவர் யாரைக் குறை சொல்லியிருப்பார்? என்னைத்தான் சொல்லியிருப்பார்.

மூன்றாம் இரவு சுவிட்சுக்கு. அதிலிருந்து ஒரு மஞ்சள் கம்பி கிளம்பி, போர்டின் அடிப்பக்கமாக ஊர்ந்து, எம்-சீல் உருண்டை ஒன்றுக்குள் மறைந்தது. எங்கள் கரையில் வள்ளத்தில் ஓட்டை விழுந்தால் அடைக்கும் அதே எம்-சீல்தான். கத்தி முனையால் நெல் நெல்லாகப் பெயர்த்தெடுத்தபோது உள்ளே தனியாக ஒரு சிறு போர்டும் அதில் ஓர் ஐ.சி. சில்லும் இருந்தன. அதன் எண்ணைப் படிக்கப் பேரன் கண்ணாடியைப் பிடித்தான். எண்ணே இல்லை. யாரோ உப்புத்தாளால் அதைச் சுரண்டி எடுத்திருந்தார்கள்.

சுரண்டியதன் நோக்கம் எனக்குப் புரிகிறது. அடுத்த கடைக்காரர் பார்த்துக் காப்பியடித்துவிடக் கூடாது என்ற தொழில் இரகசியம். அதைச் சுரண்டல் என்று சொல்ல என் மரியாதை இடம் தரவில்லை. ஆனால் அந்தப் பெட்டிக்குக் காசு கொடுத்தவர் என் அண்ணன், அந்த வேலைக்கும் காசு கொடுத்தவர் அவரே. தம் பெட்டிக்குள் இருப்பது என்னவென்பதை அறியும் உரிமை அவருக்கு இல்லாமல் எம்-சீல் உருண்டைக்கு இருந்தது என்பது சற்று விசித்திரமாக இருக்கிறது.

நிலத்தை விற்கப் போனால் வில்லங்கச் சான்று கேட்கிறோம். வண்டியை விற்கப் போனால் ஆர்.சி.யைக் கேட்டுப் பார்க்கிறோம். மண்டபத்தில் விசைப்படகு இயந்திரம் பார்க்கும் மெக்கானிக்குகள் எந்தத் தேதியில் எதை மாற்றினார்கள் என்பதை இயந்திரத்தின் மேலேயே பெயின்ட்டில் எழுதி வைப்பதை நான் கண்டிருக்கிறேன். மருத்துவர்களும், யாராலும் படிக்க முடியாவிட்டாலும், ஒரு சீட்டாவது எழுதிக் கொடுக்கிறார்கள். ஐம்பது ரூபாய்க்குச் செருப்புத் தைத்தாலே தையல் கண்ணுக்குத் தெரிகிறது. இசைக்கருவி மட்டும்தான், அதற்குள் யார் கைவைத்தார்கள் என்பதே தெரியாமல் கைமாறுகிறது. போகிற போக்கில், கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தரும் வழக்கம் எப்போது ஒழிந்தது என்றும் கேட்கத் தோன்றுகிறது. அண்ணனின் 100 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் இன்று எந்தக் காயலான் கடையில் கிடக்கிறதோ.

கோபத்தில் சற்று நீட்டிவிட்டேன், பொறுத்தருள்க. நான் கேட்க வந்தது மிகச் சிறியது. நீங்கள் ஒரு கருவியில் எதை மாற்றினாலும் அதை எழுதிக் கொடுங்கள். தேதி, கழற்றியது எது, வைத்தது எது, எந்த முனையில் எத்தனை வோல்ட் என்று நான்கு வரி போதும். காகிதம் உப்புக் காற்றில் நைந்துபோகும் என்றால் மூடியின் உட்பக்கத்தில் மார்க்கர் பேனாவால் எழுதுங்கள். இரகசியமாக வைக்க விரும்பும் சுற்றை வரைந்து தர வேண்டாம், ஆனால் அதன் வேலை என்ன, எந்த அளவைத் தாண்டினால் ஆபத்து என்பதையாவது எழுதுங்கள். பழைய கருவிகளை வாங்கி விற்கும் கடைக்காரர்களும், அந்த நான்கு வரி இல்லாத கருவியை மல்டிமீட்டர் வைத்துப் பாராமல் அடுத்தவர் கையில் கொடுக்க வேண்டாம் என்று பணிவுடன் வேண்டுகிறேன்.

என் பங்குக்கு, நான் கண்டுபிடித்தவற்றை மூடியின் உட்பக்கம் எழுதிவிட்டேன். 13 முனைச் சாக்கெட்டின்மேல் "15 வோல்ட், வேறு கிதாரைச் செருகாதீர்கள்" என்று சிவப்பு மையில் ஒட்டியிருக்கிறேன். பெட்டியையும் கிதாரையும் இனிப் பிரித்து விற்பதாக இல்லை. இளைஞரிடம் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னேன். சுவிட்சைப் பற்றி மட்டும் தெரிந்தால் வந்து இரண்டையும் எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறார். அதைத் தட்டினால் தாழ்ந்த சுருதியுள்ள தடித்த கம்பிகளின் ஒலி கனத்துப் போகிறது, மூன்றாவது கம்பிக்கு மேல் எந்த வேறுபாடும் இல்லை. இவ்வளவுதான் என்னால் சொல்ல முடிகிறது.

1997 வாக்கில் மதுரையில் ஒரு நீலநிற ஜி.ஆர்-300க்குள் மஞ்சள் கம்பி இழுத்து, எண்ணைச் சுரண்டிய ஐ.சி.யை எம்-சீலுக்குள் பொதிந்து வைத்தவர் இதைப் படிக்க நேர்ந்தால், அந்த எண்ணை மட்டும் அருள்கூர்ந்து தெரிவியுங்கள். வேலையைக் குறை சொல்ல மாட்டேன். உங்கள் பெயரையும் யாரிடமும் சொல்ல மாட்டேன்.

இப்படிக்கு,
தங்கச்சிமடத்திலிருந்து,
அந்தக் கிதார் வாசித்தவரின் தம்பி