2028இன் முதல் சுற்றுத் தெரிவை விற்றுவிடாதீர்கள்: மேப்பிள் லீவ்ஸ் நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

ரொறன்ரோ மேப்பிள் லீவ்ஸ் அணி நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். 2025 கோடையில் நம் ஹொக்கி நட்சத்திரம் மிச் மார்னர் வேகஸ் அணிக்குப் போய்விட்டார். கடைசிப் பருவத்தில் 102 புள்ளிகள் (கோல்களும் கோலுக்கு உதவிய பாஸ்களும் சேர்த்து) எடுத்த வீரர். அங்கே அவருக்கு எட்டு வருடம், வருடத்துக்கு 12 மில்லியன் டொலர். நமக்குக் கிடைத்தது நிக்கொலா ருவா ஒருவர்தான். ருவா நல்ல உழைப்பாளி, அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் மார்னரின் இடத்தை நிரப்ப யாரை வாங்கலாம் என்ற பேச்சு இப்போதே தொடங்கிவிட்டது. கொடுப்பதற்கு உங்களிடம் பெரிதாக மிஞ்சியிருப்பது ஈஸ்டன் கவனைப் போன்ற ஓரிரு இளைஞர்களும் 2028 டிராஃப்டின், அதாவது அணிகள் முறைவைத்து இளம் வீரர்களைத் தெரிவுசெய்யும் நிகழ்வின், முதல் சுற்றுத் தெரிவும்தான். அந்தத் தெரிவைத் தொடாதீர்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

மார்னர் ஒரே நாளில் போய்விடவில்லை. 2019இல் நீங்கள் எழுதிக் கொடுத்த ஒப்பந்தத்தில், அவருடைய சம்மதம் இல்லாமல் அவரை எங்கேயும் அனுப்ப முடியாது என்ற நிபந்தனை 2023 ஜூலை 1ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. அதற்கு முதல் நாள் வரை எந்த அணியோடும் பேசியிருக்கலாம். அந்த மே மாதம் கிண்ணத்துக்கான பிளேஓஃப் தொடரில் புளோரிடாவிடம் ஐந்தே ஆட்டங்களில் தோற்றோம். சில நாட்களிலேயே பொது மேலாளர் கைல் டுபாஸை அனுப்பினீர்கள். மே 31ஆம் திகதி பிராட் ட்ரெலிவிங் வந்தார். புது வீட்டுக்கு வந்தவருக்கு எந்த அலுமாரியில் என்ன இருக்கிறது என்று பார்க்கவே ஒரு மாதம் போதாது. அந்த ஒரு மாதமும் போய்விட்டது. அதற்குப் பிறகு இரண்டு பருவமும் முடிவு மார்னரின் கையில் இருந்தது. அவர்மேல் எனக்குக் கோபமில்லை. எழுதிக் கொடுத்த உரிமையைத்தானே அவர் பயன்படுத்தினார்? எழுதிக் கொடுத்தவர்கள் மேல்தான் என் கோபம். மேலாளரை மாற்றுவதென்றால் அந்தத் திகதியை மனதில் வைத்து மாற்றியிருக்க வேண்டாமா?

இந்த நெருக்கடிக்கும் ஒரு பழைய கதை உண்டு, உங்களுக்குத் தெரியாததல்ல. டவாரஸ், மத்யூஸ், மார்னர், நைலாண்டர் என்ற நட்சத்திர வீரர்கள் நால்வருக்கும் சேர்த்து வருடத்துக்கு 40 மில்லியனுக்கு மேல் கொடுத்தீர்கள். ஒரு அணி வீரர்களின் மொத்தச் சம்பளத்துக்கு லீக் வைத்த உச்சவரம்போ 81.5 மில்லியன். கொரோனா வந்து அந்த உச்சவரம்பு மூன்று பருவங்கள் அசையாமல் நிற்கும் என்று யாருக்கும் தெரிந்திருக்காது, சரி. ஆனால் அந்த இறுக்கத்துக்கு நாம் கொடுத்த விலையைப் பாருங்கள். நம் வீரர் மார்லோவின் 6.25 மில்லியன் சம்பளத்தை யாராவது ஏற்றுக்கொண்டால் போதும் என்று முதல் சுற்றுத் தெரிவையும் சேர்த்து கரோலைனாவுக்குக் கொடுத்தோம். அதில் அவர்கள் எடுத்தது சேத் ஜார்விஸை. இன்னொரு வீரர் காட்றியைக் கொலராடோவுக்கு அனுப்பினோம். இரண்டு வருடம் தொடர்ந்து பிளேஓஃபில் தடை வாங்கினார் என்பது உண்மைதான். ஆனால் 4.5 மில்லியனுக்கு அப்படியொரு சென்டர் (நடுவில் ஆடும் தாக்குதல் வீரர்) பிறகு நமக்குக் கிடைக்கவில்லை. 2022இல் அவர் கொலராடோவோடு லீக்கின் சாம்பியன் கிண்ணமான ஸ்டான்லி கிண்ணத்தைத் தூக்கினார். ஹைமன் 5.5 மில்லியனுக்கு எட்மன்ரன் போய், 2023-24 பருவத்தில் 54 கோல்கள் அடித்தார்.

இதற்குப் பிறகாவது எதிர்காலத்தை அடகு வைப்பதை நிறுத்துவீர்கள் என்று நினைத்தோம். 2025இன் முதல் சுற்றுத் தெரிவு தடுப்பாட்ட வீரர் ஜேக் மக்கேபுக்காக ஏற்கனவே சிகாகோ போயிருந்தது. அந்தப் பேரத்தை நான் குறை சொல்லமாட்டேன், அவர் இன்றும் நமக்காக உடலைக் கொடுத்து ஆடுகிறார். ஆனால் 2025 மார்ச்சில் பிரண்டன் கார்லோவுக்காக 2026இன் தெரிவையும் இளம் வீரர் ஃப்ரேஸர் மின்டனையும் பொஸ்ரனுக்குக் கொடுத்தீர்கள். ஸ்கொட் லோட்டனுக்காக 2027இன் தெரிவை, நிபந்தனைகளோடு என்றாலும், பிலடெல்பியாவுக்குக் கொடுத்தீர்கள். மூன்று வருடத்துத் தெரிவுகள் தொடர்ச்சியாகக் கைவிட்டுப் போயின. 2025 மே 18ஆம் திகதி பிளேஓஃப் தொடரின் கடைசியான ஏழாவது ஆட்டத்தில், சொந்த மண்ணில், புளோரிடாவிடம் 6-1 என்று தோற்றோம்.

புளோரிடாவும் தெரிவுகளை விற்றுத்தானே கிண்ணம் வென்றது என்பீர்கள். விற்றார்கள்தான். ஆனால் பார்கோவ், எக்பிளாட், லுண்டெல் மூவரும் அவர்கள் முதல் சுற்றில் எடுத்து வளர்த்த பிள்ளைகள். முதுகெலும்பு நேரான பிறகுதான் வெளியிலிருந்து ஆள் வாங்கினார்கள். நம்முடைய மத்யூஸும் நைலாண்டரும், போன மார்னரும்கூட முதல் சுற்றில் வந்தவர்கள்தானே?

2025-26 பருவத்தில் சம்பள உச்சவரம்பு 88 மில்லியனிலிருந்து 95.5 மில்லியனானது. அடுத்தது 104, அதற்கடுத்தது 113.5. கையில் காசு வந்துவிட்டது என்று மகிழ வேண்டாம், 32 அணிகளின் கையிலும் அதே காசுதான் வருகிறது. ஆட்கள் கூடவில்லை, அவர்களின் விலைதான் கூடும். அப்போது மலிவாகக் கிடைக்கப்போவது முதல் ஒப்பந்தத்தில் ஆடும் இளம் வீரர்கள் மட்டுமே.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. லீக்கிலேயே பணபலம் மிகுந்த அணிகளில் ஒன்று நீங்கள். ஸ்காபரோவில் வாழும் சாதாரணக் குடும்பம் ஒன்று பிள்ளைகளோடு ஒரு பிளேஓஃப் ஆட்டத்துக்கு வருவதை நினைத்தும் பார்க்க முடியாத விலையில் நுழைவுச்சீட்டு விற்கிறீர்கள். வீரர்களின் சம்பளத்துக்குத்தான் உச்சவரம்பு இருக்கிறது. இளம் வீரர்களைத் தேடிக் கண்டுபிடிப்பவர்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும் எவ்வளவு வேண்டுமானாலும் செலவழிக்கலாம். 1967க்குப் பிறகு ஒரு கிண்ணமும் பார்க்காத ஊர், உங்கள் அரங்கத்தை ஒரு நாளும் காலியாக விட்டதில்லை. அந்தக் காசை எங்கள் அடுத்த தலைமுறை வீரர்களைத் தேடுவதில் போடுங்கள் என்று கேட்க எங்களுக்கு உரிமை உண்டு.

கோபத்தில் சற்று அதிகமாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது ஒன்றே ஒன்றுதான். மத்யூஸின் ஒப்பந்தம் முடிவதும் 2028 கோடையில்தான். அவர் இருந்தால் அவருக்குப் பக்கத்தில் ஆட ஒரு இளைஞன் வேண்டும். போய்விட்டால் அந்தத் தெரிவிலிருந்துதான் மறுபடி தொடங்க வேண்டியிருக்கும். அணிகள் வீரர்களைப் பரிமாறும் மார்ச் மாதக் கெடு நெருங்கித் தொலைபேசிகள் அடிக்கத் தொடங்குமுன், 2028இன் முதல் சுற்றுத் தெரிவு விற்பனைக்கு இல்லை என்று மற்ற 31 அணிகளிடமும் தயவுசெய்து சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஸ்காபரோவிலிருந்து ஒரு லீவ்ஸ் ரசிகர்