அது ஹை டீ இல்லை, ஐயா

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு உங்கள் சுற்றுலாப் பக்கத்தில் லண்டனில் மாலை நேரத்து டீ குடிக்கப் பத்து இடங்கள் என்று ஒரு பட்டியல் வந்திருந்தது. அதில் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ‘ஹை டீ’ என்றே போட்டிருந்தீர்கள். திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் ரோட்டில் முப்பத்தொரு வருஷம் டீக்கடை வைத்திருந்தவன், அந்த ஊருக்குப் போய் அந்த டீயையும் குடித்துவிட்டு வந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன், அது ஹை டீ இல்லை.

ஹை டீ என்பது ஆலையிலும் சுரங்கத்திலும் வேலை முடித்து வீட்டுக்கு வருகிறவர்கள் சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கறியும் ரொட்டியுமாக வயிறு நிறையச் சாப்பிடுவது. நம் கணக்கில் அது ராத்திரிச் சாப்பாடு. நீங்கள் எழுதியிருப்பதன் பெயர் ஆஃப்டர்நூன் டீ. 1840 வாக்கில் பெட்ஃபோர்டு பிரபுவின் மனைவி அன்னா என்ற சீமாட்டிதான் அதை ஆரம்பித்து வைத்தார் என்பார்கள். பங்களாவில் ராச்சாப்பாடு எட்டு மணிக்கு. அம்மாவுக்கு நாலு மணிக்கே பசி எடுத்ததால் டீயும் ரொட்டியும் அறைக்கே வரவழைத்துக்கொண்டாராம். நாலு மணிப் பசி என்றால் என்னவென்று எங்கள் கடை வடைத் தட்டைக் கேட்டாலே சொல்லும், அதற்குச் சீமாட்டி வேண்டியதில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வருஷம் ஜூனில் நானும் வீட்டம்மாவும் மகளைப் பார்க்க லண்டன் போயிருந்தோம். மகள் இருப்பது ஈஸ்ட் ஹாம் பக்கம். அங்கே கடைத்தெருவில் நடந்தால் தமிழ்ப் பெயர்ப் பலகையாகத்தான் இருக்கும், வடையும் கிடைக்கும், டீயும் கிடைக்கும். அதுவே போதும் என்றேன். “முப்பது வருஷம் ஊருக்கெல்லாம் டீ போட்டீங்கப்பா, ஒருநாள் உட்கார்ந்து குடிங்க” என்றாள் மகள்.

அப்புறம் எங்கே போவது என்று இரண்டு நாள் பேச்சு. உங்கள் பட்டியலில் முதலில் இருக்கும் ரிட்ஸ் ஓட்டல் 1906இல் திறந்தது. அங்கே ஆம்பிளைகளுக்குக் கோட்டும் டையும் கட்டாயம், ஜீன்ஸும் கேன்வாஸ் ஷூவும் ஆகாது. மாப்பிள்ளையின் கோட்டைப் போட்டுப் பார்த்தேன். கை விரல் வெளியே தெரியவில்லை, வீட்டம்மா சிரித்த சிரிப்பில் அந்த யோசனை போயிற்று. உடுப்புச் சட்டத்தைப் பற்றி உங்கள் பட்டியலில் ஒரு வரி இல்லை. ஃபோர்ட்னம் அண்ட் மேசன் 1707இல் தொடங்கிய கடை, டீ விற்றே பேர் வாங்கியது. நாலாம் மாடியில் இருக்கும் டீ அறையை 2012இல் எலிசபெத் ராணியே வந்து திறந்து வைத்தார். நாங்கள் கேட்ட நாளில் அங்கே இடமில்லை.

கடைசியில் வேறொரு பெரிய ஓட்டல். பெயர் வேண்டாம். தலைக்கு எழுபது பவுண்டுக்கு மேல், அதுபோக பில்லில் 12.5 சதவீதம் சர்வீஸ் சார்ஜ். ரூபாயாக மாற்றிப் பார்க்கக் கூடாது என்று மகள் சொல்லித்தான் கூட்டிப்போனாள். வீட்டம்மா ரயிலிலேயே மாற்றிப் பார்த்துவிட்டாள்.

மூன்றடுக்குத் தட்டு வந்தது. கீழ்த் தட்டிலிருந்து மேலே போக வேண்டும்: முதலில் சாண்ட்விச், நடுவில் ஸ்கோன், உச்சியில் கேக். சாண்ட்விச் ரொட்டியில் ஓரத்தை நறுக்கி எடுத்துவிடுகிறார்கள். அத்தனை ஓரமும் எங்கே போகிறது என்று எனக்குத் தொழில் புத்தியில் ஒரு கவலை. வெள்ளரிக்காயைத் தாள் மாதிரி சீவி, ரொட்டி நமுத்துப் போகாமல் இருக்க வெண்ணெய் தடவியிருந்தார்கள். அது நல்ல வேலை. ஸ்கோன் என்பது நம் பன்னுக்கும் பொறைக்கும் நடுவில் ஒரு சாதி, சூடாகத் துணியில் சுற்றி வரும். அதற்குத் தொட்டுக்கொள்ள ஜாமும் கிளாட்டட் கிரீமும். கிரீமை நாக்கில் வைத்ததும் எனக்குப் புரிந்துவிட்டது, பாலேடு! “மாஸ்டர், ஆடை போட்டு ஒண்ணு” என்று எங்கள் கடையில் கேட்பார்களே, அதேதான், கொஞ்சம் கெட்டி. டெவன்காரர்கள் கிரீமை முதலில் தடவுவார்களாம், கார்ன்வால்காரர்கள் ஜாமை. ஆடை எப்போதும் மேலேதானே மிதக்கும் என்று வீட்டம்மா ஜாமை முதலில் வைத்தாள்.

டீயைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. நாம் போடுவது சிடிசி டஸ்ட் என்கிற பொடித்தூள், கொதிதண்ணீர் பட்ட உடனே சாயம் இறங்கிவிடும். அங்கே முழு இலை. மூன்று நாலு நிமிஷம் மூடி வைக்க வேண்டும். அதற்கு மேல் விட்டால் கடுக்கும், அதனால் கூடவே ஒரு ஜாடி வெந்நீர் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். நான் டார்ஜிலிங் சொல்லிவிட்டுப் பாலையும் ஊற்றினேன். பால் பச்சையாக, சில்லென்று இருந்தது. டார்ஜிலிங் பாலுக்குத் தாங்காது, என் தப்பு. அசாம் சொல்லியிருக்க வேண்டும்.

அசைவம் வேண்டாம், முட்டை பரவாயில்லை என்று முன்பதிவிலேயே எழுதியிருந்தாள் மகள். சாண்ட்விச் சரியாக வந்தது. மேல்தட்டில் கண்ணாடி மாதிரி மினுங்கிய கேக்கை வீட்டம்மா பாதி தின்ற பிறகு, அதில் ஜெலட்டின் இருக்கிறது என்று பரிமாறிய பெண்ணே வந்து சொன்னாள். ஜெலட்டின் மாட்டெலும்பு, பன்றித்தோல் இதிலிருந்தெல்லாம் எடுப்பது. வீட்டம்மா ஒன்றும் பேசாமல் மூன்று கோப்பை டீ குடித்தாள். கொஞ்சம் சுதாரித்துக்கொண்டு ஸ்கோனைத் தொடப்போனால் பில் வந்துவிட்டது. எங்கள் மேசை ஒன்றரை மணி நேரத்துக்குத்தானாம், அடுத்த ஆட்கள் வாசலில் நிற்கிறார்கள்.

ஐயா, எங்கள் கடையில் இருந்தது ஒரே பெஞ்சு. ஒற்றை டீயைச் சொல்லிவிட்டு உங்கள் பேப்பரை வரி விளம்பரம் வரை படிக்கிறவர்கள் உண்டு. ஒருத்தரையும் நான் எழுப்பியதில்லை. டீ விற்கிற கடையில் பாதி வியாபாரம் உட்காருகிற இடம்தான். எழுபது பவுண்டு வாங்குகிற இடத்தில் எவ்வளவு நேரம் உட்காரலாம் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும், சரவிளக்கு அப்புறம்.

அடுத்த வாரம் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் போனோம். உள்ளே போகக் காசில்லை. உலகத்திலேயே முதன்முதலில் சாப்பாட்டுக் கூடம் வைத்த அருங்காட்சியகம் அதுதான் என்கிறார்கள். 1860களின் கட்டடம், தூணெல்லாம் பீங்கான் ஓடு, வண்ணக் கண்ணாடி ஜன்னல். தட்டை நாமே எடுத்துக்கொண்டு வரிசையில் போக வேண்டும். ஸ்கோன், கிரீம், ஜாம், ஒரு குடுவை டீ, இதற்குக் கிரீம் டீ என்று பெயர். அடுக்குத் தட்டு இல்லை. தலைக்கு ஓட்டலில் கொடுத்ததில் கால்வாசிகூட ஆகவில்லை. இரண்டேகால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம், யாரும் வந்து கேட்கவில்லை. எழுந்த பிறகு வெள்ளைக்கார சிப்பாயைக் கவ்விக்கொண்டிருக்கும் திப்புவின் மரப்புலியையும் பார்த்தோம். நம் கடலூர் தேவனாம்பட்டினம் கோட்டைக்கு 1756இல் கவர்னராக இருந்த கிழக்கிந்தியக் கம்பெனி கிளைவுக்கு லண்டனில் சிலை இருக்கிறது. அதற்கு முந்தின நாள்தான் அதைப் பார்த்து வீட்டம்மா முகத்தைச் சுளித்தாள். புலி முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டாள்.

மறுபடி இந்தப் பட்டியலைப் போடுகிறதாக இருந்தால் உட்காரும் நேரம், உடுப்புச் சட்டம், மறுபடி சாண்ட்விச்சும் டீயும் கேட்டால் தருவார்களா, மிச்சத்தைப் பெட்டியில் கட்டித் தருவார்களா என்பதையும் சேர்த்துப் போடுங்கள். ஜெலட்டினையும்.

இப்படிக்கு,
லாரன்ஸ் ரோட்டு முன்னாள் டீ மாஸ்டர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.