பெரியம்மா, இருபதாவதைப் படித்துவிடுங்கள்

அன்புள்ள பெரியம்மா,

எனக்கு எழுதுவதானால் தமிழில் எழுது என்பீர்கள். எழுதிவிட்டேன். நாலு பேர் பார்க்கும் இடத்தில் எழுதுவதற்கும் காரணம் உண்டு. உங்களைப் போலவே கடைசிப் புத்தகத்தைப் பிரிக்காமல் வைத்திருப்பவர்கள் டர்பனிலேயே இன்னும் சிலர் இருப்பார்கள்.

போன வாரம் சாட்ஸ்வர்த் வந்தபோது உங்கள் அலமாரியைப் பார்த்தேன். துறவி கேட்ஃபேல் துப்பறியும் எல்லிஸ் பீட்டர்ஸின் நாவல்கள் வரிசையாக இருந்தன. பத்தொன்பதுக்கும் முதுகு மடிந்திருக்கிறது, ஒன்றில் மஞ்சள் கறைகூட. இருபதாவதான 'பிரதர் கேட்ஃபேல்ஸ் பெனன்ஸ்' மட்டும் புதுக்கருக்கு அழியாமல் நிற்கிறது. கேட்டதற்கு, "அதையும் படித்துவிட்டால் அப்புறம் என்ன இருக்கு?" என்றீர்கள். அன்று எனக்குப் பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து அதே நாவலை இரண்டு ராத்திரியில் மறுபடி படித்தேன்.

1977இல் தொடங்கிய வரிசை, 1994இல் இந்த நாவலோடு நின்றது. அடுத்த ஆண்டு அதை எழுதிய அம்மா போய்விட்டார். பதினேழு வருஷம் எழுதியும் கதைக்குள் ஓடியது எட்டே வருஷம், 1137 முதல் 1145 வரை. இங்கிலாந்து மன்னர் ஸ்டீபனுக்கும் பேரரசி மெட்டில்டாவுக்கும் நடக்கும் அரியணைச் சண்டை இதிலும் தீரவில்லை. காவென்ட்ரியில் சமாதானம் பேசக் கூடுகிறார்கள், வெறுங்கையோடு கலைகிறார்கள். கொலையும் ஒன்று உண்டு. உண்மையைச் சொன்னால் அந்தத் துப்பறியும் பகுதி சுமார்தான். இதைவிட நல்ல முடிச்சுகளை நீங்கள் ஏற்கெனவே படித்திருக்கிறீர்கள்.

ஆனால் ஆறாவது நாவலை நினைத்துப் பாருங்கள். ஒலிவியர் தன் மகன் என்று கேட்ஃபேலுக்குத் தெரியவரும் இடத்தில் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டதாக நீங்கள்தானே சொன்னீர்கள்? கேட்ஃபேல் துறவியாகுமுன் சிலுவைப் போர் வீரராக இருந்த காலத்தில் அந்தியோக்கியாவில் மரியம் பெற்ற பிள்ளை. தகப்பன் யார் என்று பிள்ளைக்குத் தெரியாது, இவரும் வாய் திறக்கவில்லை. அந்தப் பிள்ளைதான் இருபதாவதில் சிறையில் இருக்கிறான். எங்கே என்று யாருக்கும் தெரியாது.

மடாதிபதி ரடுல்ஃபஸ் காவென்ட்ரிவரை போய்வரத்தான் அனுமதி கொடுக்கிறார். அதைத் தாண்டினால் மடத்தின் ஆள் இல்லை. கேட்ஃபேல் தாண்டுகிறார். பத்தொன்பது நாவல்களாகக் கசாயம் காய்ச்சி, மூலிகைத் தோட்டத்தில் களை பிடுங்கிக்கொண்டிருந்த மனிதர், அறுபது வயதுக்கு மேல், திரும்பி வந்தால் சேர்த்துக்கொள்வார்களா என்றே தெரியாமல் போகிறார். பிள்ளையைச் சிறை வைத்த ஃபிலிப்பும் தன் அப்பனை விட்டு எதிரிப் பக்கம் போனவன். அவனைத் திட்டிக்கொண்டேதான் படிக்கத் தொடங்கினேன். பாதிக்கு மேல் திட்ட முடியவில்லை.

மடத்துக்குத் திரும்பும் கடைசிப் பக்கங்களைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டேன். அதில் யாரும் அதிகம் பேசுவதில்லை. இருபது நாவல்களையும் தூக்கி நிறுத்துவது அந்த இடம்தான். டிவியில் பார்த்துக்கொள்ளலாம் என்றும் இருக்க முடியாது. டெரெக் ஜாகோபி நடித்த பதின்மூன்று படங்களில் இந்தக் கதை இல்லை.

அப்புறம் என்ன இருக்கு என்று கேட்டீர்களே, முதல் நாவல் இருக்கிறது. அதில் அவர் தோட்டத்தில் நிற்பதை இப்போது படித்தால், பின்னால் எதையெல்லாம் விட்டுவிட்டுப் போகத் துணியப்போகிறார் என்பது தெரிந்தே படிப்பீர்கள். நான் நேற்று அதைத்தான் எடுத்தேன்.

கண் ஆபரேஷனுக்கு அப்புறம் சின்ன எழுத்து சிரமம் என்பது தெரியும். சனிக்கிழமை தமிழ் வகுப்பு முடிந்ததும் வருகிறேன். முதல் அத்தியாயத்தை நான் வாசிக்கிறேன், நீங்கள் கறிவேப்பிலை உருவிக்கொண்டே கேளுங்கள்.

உங்கள் மகள்