செம்பூரிலிருந்து ஒரு பல் புராணம்

அன்புள்ள கலா,

சின்னவளின் பல்லுக்கு என்ன ஆச்சு என்று கேட்ட உன் வாட்ஸ்அப்புக்கு ஒரு வரியில் பதில் போட்டிருக்கலாம், ஆனால் விஷயம் நீளம். வெளியே மும்பை மழை, லோக்கல் ரயில் எல்லாம் லேட், இவர் வந்து சேர எப்படியும் ஒன்பதாகும்.

சின்னவளுக்குப் பத்து வயதாகியும் மேல் வரிசையில் நடுப்பற்களுக்கு இரு பக்கமும் உள்ள பால் பல் விழவே இல்லையே என்று போன சனிக்கிழமை பல் டாக்டரிடம் கூட்டிப்போனோம். தாடையைச் சுற்றி எடுக்கிற எக்ஸ்ரேயில் மற்ற பால் பற்களுக்கு மேலே நிலைப்பல் வரிசையாகத் தயாராக இருக்கிறது, அந்த இரண்டுக்கு மேலே மட்டும் வெறும் எலும்பு. முட்டித் தள்ள ஆளில்லை, பிறகு பால் பல் ஏன் விழும்? டாக்டரம்மா படத்தைப் பார்த்துவிட்டு இவர் பக்கம் திரும்பி, "நீங்க கொஞ்சம் சிரிங்க" என்றார். திருதிருவென்று விழித்துக்கொண்டே சிரித்தார். அதே இடத்தில் இவருக்கு ஆணி மாதிரி ஒரு குட்டிப் பல் உண்டே, கல்யாண ஆல்பத்தைப் பார்த்து நீகூடக் கிண்டல் செய்தாயே, அதேதான்! அப்பாவுக்குச் சிறுத்தது, மகளுக்கு வராமலே போயிற்று. ஒரே மரபணு மாற்றம் ஒரே வீட்டில் இப்படிக் கூடக்குறையக் காட்டுமாம்.

மாமியார் இத்தனை வருடமாக அதை அரிசிப் பல் என்று கொஞ்சியவர். இப்போது, "மாசமா இருந்தப்ப பால் குடின்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன்" என்று பழியை என் மேல் போட்டாயிற்று. கால்சியத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. தாடைக்குள் பல் மொட்டு உருவாகும்போது செல்கள் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும் சமிக்ஞை பிசகினால் மொட்டு பாதியில் நின்றுவிடுகிறது. எம்எஸ்எக்ஸ்1 என்ற மரபணுவில் இதற்கான மாற்றத்தை 1996இல் கண்டுபிடித்தார்கள், 2000இல் பாக்ஸ்9 என்ற இன்னொரு மரபணுவில். இன்று அதிகம் அகப்படுவது டபிள்யூஎன்டி10ஏ. எந்த மரபணுவும் அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என்று இரண்டு பிரதியாக வருகிறது; இதில் ஒரு பிரதி கெட்டால் பெரும்பாலும் ஒன்றிரண்டு பல்லோடு போகும், சிலருக்கு அதுவும் இல்லை; இரண்டும் கெட்டால்தான் நிறையப் பல் காணாமல் போகும். சொந்தத்துக்குள் கட்டினால் அதே கெட்ட பிரதி இரண்டு பக்கமும் இருக்க வாய்ப்பு அதிகம், அதனால் நம் ஊரில் அத்தை மகன், மாமன் மகள் என்று கட்டிவைக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். (சரி, நானும் அத்தை மகனைத்தான் கட்டியிருக்கிறேன்.)

தேடிக்கொண்டே போனதில் டார்வின் வந்து நின்றார். சிந்து மாகாணத்தில் ஒரு குடும்பம், நான்கு தலைமுறையில் பத்து ஆண்களுக்கு முன்பல் நான்கு, கடைவாய்ப்பல் எட்டு, அவ்வளவுதான். உடம்பில் முடி குறைவு, வெயில் காலத்தில் தோல் வறண்டு அவதி என்று 1875இல் எழுதியிருக்கிறார். பெண்களுக்கு ஒன்றும் இல்லை, ஆனால் அவர்கள் வழியாகத்தான் பேரன்களுக்குப் போயிருக்கிறது. ஆண்பிள்ளைக்கு அம்மாவிடமிருந்து மட்டுமே வரும் எக்ஸ் குரோமோசோம் என்றால் என்னவென்றே தெரியாத காலம்! சிந்து அப்போது நம் பம்பாய் மாகாணத்தோடுதான் இருந்தது. எங்களுடையது வியர்வை சரியாக வராத அந்த ரகம் இல்லை, பிள்ளைக்கு நன்றாகவே வியர்க்கிறது.

இப்போதைக்குக் கம்பி போட்டுக் கோரைப்பல்லை இழுத்து இடைவெளியை மூடலாம், இல்லையென்றால் இடம் விட்டு வைத்து, வளர்ச்சி நின்ற பிறகு இம்ப்ளாண்ட், அதாவது எலும்பில் பதித்து வைக்கிற செயற்கைப் பல். அதற்கு முன்னால் வைத்தால் தாடை வளர வளர அந்தப் பல் மட்டும் மேலே தங்கிப்போகுமாம். ஜப்பானில் கியோட்டோவில் 2024 செப்டம்பரில் பல் முளைக்க வைக்கும் மருந்தை மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்க ஆரம்பித்தார்களே, காத்திருக்கலாம் என்கிறார் இவர். இவருக்கு எல்லாமே காத்திருக்கலாம்.

அப்புறம், பத்தாவதில் நெல்லிக்காய் கடித்தபோது உனக்கு ஒரு பால் பல் ஆடியதே, அந்த இடத்தில் வேறு பல் முளைத்ததா? உன் பையனுக்கும் எட்டு முடியப்போகிறது. உன் அண்ணனை ஒரு தடவை நன்றாகச் சிரிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு எழுது.

உன்
மீனா