பேதி நின்ற பிறகும் பிள்ளையைப் பாருங்கள்: பினாங்கு கிளினிக் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய டாக்டர்களுக்கு, வணக்கம்.

இரத்தப் பேதி உண்டாக்கும் ஈ. கோலை ஓ157 என்ற குடல் கிருமி பிள்ளைகளை என்ன செய்யும் என்று நீங்கள் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறீர்கள். தெரியாமல் இருந்தது நான்தான்.

என் மகனுக்கு 3 வயது. மலத்தில் இரத்தம் போனதும் பட்டர்வொர்த்தில் ஒரு கிளினிக்கில் காட்டினோம். மலத்தைப் பரிசோதிக்காமலே ஆன்டிபயாட்டிக்கும் பேதியை நிறுத்தும் மருந்தும் கொடுத்தார்கள். ஏழாம் நாள் பேதி நின்றது. அப்பாடா என்று கஞ்சி வைத்துக் கொடுத்தேன். காலையில் போட்ட பாம்பர்ஸை மாலையில் கழற்றினால், போட்டபடியே காய்ந்து கிடந்தது. இன்று ஒன்றோடு போயிற்று என்று நிம்மதிப்பட்டேன். அந்த நிம்மதியை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

மறுநாள் உதடு வெளுத்துவிட்டது, காலெல்லாம் பொடிப்பொடியாகச் சிவப்புப் புள்ளிகள். பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அந்த ஈ. கோலை கிருமியால் சிவப்பணுக்கள் உடைந்து, இரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் குறைந்து, சிறுநீரகம் நின்றே போயிருந்தது. 11 நாள் டயாலிசிஸ். முன்கூட்டியே டிரிப்ஸ் ஏற்றியிருந்தால் சிறுநீரகம் கொஞ்சம் தாங்கியிருக்கும் என்றார்கள்.

கிளினிக் மருந்துதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் 5 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை, இரத்தப் பேதி, இரத்தத்தில் ஏறிய வெள்ளையணு, இவை ஆபத்தின் அடையாளங்கள். பேதியை அடக்கும் மருந்தும் ஆன்டிபயாட்டிக்கும் அந்த ஆபத்தைக் கூட்டலாம். இந்தக் கிருமி தொற்றிய பிள்ளைகளில் 100க்கு 5 முதல் 15 பேருக்கு இப்படி ஆகிறது. அதுவும் பேதி தொடங்கி ஒரு வாரம் போல ஆன பிறகு, வீட்டில் எல்லாரும் மூச்சு விடும் நேரத்தில்.

அதனால் கேட்கிறேன்: இரத்தப் பேதியோடு வரும் பிள்ளைக்கு மலப் பரிசோதனை எழுதுங்கள். எப்போது திரும்ப வர வேண்டும் என்று ஒரு சீட்டு கொடுங்கள்.

மருந்துப் பையில் இருப்பதை என் மாமியாரால் படிக்க முடியாது. பகலெல்லாம் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது அவர்தான்.

தயவுசெய்து அந்தச் சீட்டை மட்டும் கொடுங்கள். சிறுநீர் குறைந்தால், முகம் வெளுத்தால், தோலில் புள்ளி வந்தால், பேதி நின்றிருந்தாலும் உடனே வரவும். அவ்வளவுதான். தமிழில் எழுத ஆள் இல்லையென்றால் நானே எழுதித் தருகிறேன்.

பணிவுடன்,
பிறையிலிருந்து ஒரு தாய்