18 வயதுக்கு மேல் எந்த வரிசையில் நிற்பது, ஐயா?

மக்கள் நல்வாழ்வுத் துறை அதிகாரிகளுக்கு வணக்கம்.

மூத்திரப்பை வயிற்றுக்கு வெளியே திறந்தபடி பிறந்தவன் நான். பிளாடர் எக்ஸ்ட்ரோபி. 30,000 முதல் 50,000 பிறப்புகளில் ஒன்று என்கிறார்கள். மூத்திரத் துவாரம் இடம் மாறியிருக்கும் ஹைப்போஸ்பேடியாஸ் அவ்வளவு அபூர்வமில்லை, சுமார் 300 ஆண் குழந்தைகளில் ஒன்றுக்கு உண்டு. டெல்டாவில் எங்களைப் போல எத்தனையோ பேர் இருப்பார்கள். வாய் திறக்கமாட்டார்கள். சின்ன வயதில் என்னை ஆபரேஷன் செய்து காப்பாற்றியது அரசு ஆஸ்பத்திரிதான். அந்த நன்றி மறக்கவில்லை.

வீட்டில் பெண் பார்க்கிறார்கள். தாம்பத்தியம் முடியுமா, பிள்ளை பிறக்குமா என்று கேட்கப் போன மாதம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். சிறுநீரகப் பிரிவில், “இது குழந்தைங்க கேஸ்” என்று ஓ.பி. சீட்டை மாற்றி எழுதினார்கள். குழந்தைகள் அறுவைப் பிரிவில், இடுப்பில் பிள்ளையோடு நின்ற தாய்மார்களுக்கு நடுவே மீசை வைத்தவன் நான் ஒருவன்தான். சீட்டு பதிகிற அம்மா, “குழந்தை எங்கப்பா?” என்றார். நான்தான் என்றேன். வரிசையே திரும்பிப் பார்த்தது. மறுபடி சிறுநீரகப் பிரிவு. திரையில்லாத மேஜையில் படுக்கவைத்து மாணவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். என்ன கேட்க வந்தாய் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

பதில் இல்லாத கேள்வியா அது? உறுப்பு குட்டையாகவோ வளைந்தோ இருந்தாலும் விறைப்பும் உணர்ச்சியும் பெரும்பாலோருக்கு இருக்கும். விந்து மூத்திரப்பைக்குள் திரும்பிப் போனாலும் உயிரணுவை எடுத்து, லேபில் கருமுட்டைக்குள் ஊசியால் செலுத்தும் இக்ஸி முறையில் கருவாக்க வழியுண்டு. நானாகத் தேடிப் படித்தவை இவை. ஒரு டாக்டர் கதவைச் சாத்திக்கொண்டு பத்து நிமிடத்தில் சொல்லியிருக்கலாம்.

பிறவிக் குறைகளைக் கண்டறிந்து சிகிச்சை தர 2013-ல் வந்த தேசியச் சிறார் நலத் திட்டமும் 18 வயது வரைதான். அதன்பின் குறை தானாக மறைந்துவிடும் என்று யாராவது அரசாணை போட்டிருந்தால் நகல் அனுப்புங்கள்.

எங்களோடு பேசத் தயாராக இருப்பவர் பஸ் ஸ்டாண்டுச் சுவரில் போஸ்டர் ஒட்டும் லாட்ஜ் வைத்தியர் ஒருவர்தான். எந்த ஊர், எந்தத் தேதி, எந்த ரூம், எல்லாம் தெளிவாகப் போட்டு மாதம் தவறாமல் வருகிறார். லேகியத்தில் பாதி பேர் பணத்தை இழக்கிறான், மீதி பேர் கல்யாணமே வேண்டாமென்று இருந்துவிடுகிறான். ஊர் அதற்கும் ஒரு பெயர் வைக்கும். பிள்ளையில்லாவிட்டால் மருமகளைத்தானே முதலில் டெஸ்டுக்கு இழுக்கிறோம், நம் லட்சணம் அது.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது இதுதான்: தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியில் மாதம் ஒரு நாள், இப்படிப் பிறந்து வளர்ந்த ஆண்களுக்கென்று தனி ஓ.பி. ஒரு சிறுநீரக டாக்டர், மனநல ஆலோசகர் ஒருவர், கதவுள்ள ஓர் அறை. திருவாரூர், நாகை, மயிலாடுதுறைக்காரர்கள் பஸ் ஏறி வந்துவிடுவோம். மாதம் ஒரு நாள் போதும், ஐயா. வெளியே பலகையில் நோயின் பெயரை மட்டும் எழுத வேண்டாம், அறை எண் இருந்தால் போதும்.

இப்படிக்கு,
திருவாரூர் மாவட்டத்துக்காரன் ஒருவன்